வெளிநாட்டுக் கூட்டாய்வு: பெருந்திட்டமா, சிறு குழுவா, கருவிப் பகிர்வா?

நரம்பியலிலோ நானோ மருத்துவத்திலோ ரோபாட்டிக்ஸிலோ புதிதாக ஆய்வகம் தொடங்கியவருக்கு ஓரிரு ஆண்டுகளுக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். மாநாட்டில் அறிமுகமான பேராசிரியர் மின்னஞ்சல் அனுப்புவார். ஐரோப்பியக் குழு ஒன்று, "உங்கள் நோயாளிகளின் எம்ஆர்ஐ படங்கள் இருந்தால் நீங்களும் சேரலாம்" என்று அழைக்கும். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய போஸ்ட்டாக் ஆய்வுக் காலத்து வழிகாட்டி, "சேர்ந்து ஒரு புரபோசல் எழுதுவோமா?" என்பார். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லத்தான் மனம் போகும். பதவி உயர்வுப் படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டமும் இருக்கிறது.

ஆனால் ஒரு கூட்டாய்வு மூன்று முதல் ஐந்து ஆண்டு உழைப்பை எடுத்துக்கொள்ளும். உங்களிடம் முதலில் சேரும் பிஎச்டி மாணவர்களின் ஆய்வேடுகள் அதன்மேல்தான் நிற்கும். ஆகவே நின்று நிதானித்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பெருந்திட்டத்தில் ஓர் உறுப்பாகச் சேர்வது, பல ஆய்வகங்கள் ஒரே சோதனையைச் செய்வது, இரண்டு முதல் நான்கு பேர் சேரும் சிறு குழு, கருவியையோ உற்பத்தித் திறனையோ பகிர்வது என்று நான்கு வழிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கூட்டின் நடுவிலும் எல்லோரும் கை வைக்கும் பொருள் ஒன்று இருக்கும். மூளைத் திசு, தரவு, சோதனை முறை, ரோபோ, மருந்துத் துகள் என்று அது எதுவாகவும் இருக்கலாம். உங்கள் மாணவர் அந்தப் பொருளைத் தன் கையால் தொட்டு, தன் சொந்தக் கேள்வியோடு அதில் வேலை செய்ய முடிகிறதா என்பதை வைத்துத்தான் நான் எடைபோடுவேன். பணத்தொகையும் பல்கலைக்கழகத்தின் பெயரும் அதற்குப் பிறகு.

நூற்றைம்பது நிறுவனங்களில் ஒன்றாக

ஐரோப்பிய ஒன்றியத்தின் மனித மூளைத் திட்டம் 2013 அக்டோபரில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள இபிஎஃப்எல் நிறுவனத்தின் ஹென்றி மார்க்ரம் முன்வைத்த கனவு அது: மனித மூளையை மீக்கணினிக்குள் கட்டியெழுப்ப வேண்டும். பத்தாண்டுகள், நூறு கோடி யூரோ என்ற அளவில் அறிவிப்பு வந்தது. ஓராண்டு முடிவதற்குள், 2014 ஜூலையில், நரம்பியலாளர்கள் ஐரோப்பிய ஆணையத்துக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். கையெழுத்திட்டோர் 800ஐத் தாண்டினார்கள். நினைவு, கவனம், சிந்தனை போன்றவற்றை ஆராயும் அறிதல் நரம்பியல் பகுதியை அடுத்த கட்டத் திட்டத்தின் மையத்திலிருந்து விலக்கியது உடனடிக் காரணம். அதைவிட ஆழமான மனக்குறை, முடிவெடுக்கும் அதிகாரம் ஒரு சிலர் கையில் குவிந்திருந்தது. யூலிஷ் ஆய்வு மையத்தின் வொல்ஃப்காங் மார்க்வார்ட் தலைமையில் அமைந்த சமரசக் குழு 2015 மார்ச்சில் அறிக்கை தந்தது; கடிதத்தின் குற்றச்சாட்டுகளில் பெரும்பகுதியை அது ஏற்றது. நிர்வாகம் மாறியது. மூளை வரைபட வல்லுநர் காட்ரின் அமுன்ட்ஸ் 2016ல் அறிவியல் தலைமைக்கு வந்தார்.

2023 செப்டம்பரில் திட்டம் முடிந்தபோது சுமார் 60 கோடி யூரோ செலவாகியிருந்தது. 19 நாடுகளின் 155 நிறுவனங்கள் அதில் பங்கேற்றிருந்தன. மனித மூளை கணினிக்குள் வரவில்லை. ஆனால் அவ்வளவும் வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யூலிஷ் மூளை வரைபடம், இப்ரெய்ன்ஸ் என்னும் தரவுத் தளம், மான்செஸ்டரில் ஸ்டீவ் ஃபர்பர் குழு பத்து லட்சம் செயலிகளை இணைத்துக் கட்டிய ஸ்பின்னேக்கர் கணினி, மார்செயில் விக்டர் யிர்சா குழு வலிப்பு நோயாளிகளுக்காக உருவாக்கிய தனிநபர் மூளையின் கணினி மாதிரி ஆகியவை உண்மையான பலன்கள். கவனித்துப் பார்த்தால் இவற்றில் பலவும் பிறர் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டமைப்புகள்.

பெருந்திட்டம் பற்றிய என் முடிவும் அங்கிருந்துதான் வருகிறது. அது கட்டி வைத்ததைப் பயன்படுத்த உறுப்பினராக வேண்டியதில்லை. இப்ரெய்ன்ஸின் வரைபடத்தை உங்கள் மாணவர் நாளைக்கே திறந்து பார்க்கலாம். உறுப்பினராகச் சேர்ந்தாலோ கால் ஆண்டுக்கு ஓர் அறிக்கை, மைல்கல் பட்டியல், காணொலிக் கூட்டம் என்று நேரம் கரையும். இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் என்னும் ஆய்வு நிதித் திட்டங்களில் இந்திய நிறுவனங்கள் பங்கேற்கலாம். ஆனால் ஒன்றியத்தின் பணம் அவற்றுக்குத் தானாகக் கிடைக்காது. அறிவிக்கையில் தனியாக இடம் கொடுத்திருந்தால் தவிர, உங்கள் பங்குக்கான பணத்தை நீங்களே வேறெங்காவது தேட வேண்டும். இலங்கை ஆய்வகங்களின் நிலை வேறு. ஹொரைசன் ஐரோப்பா திட்டத்தில் நேரடியாக நிதி பெறத் தகுதியுள்ள நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ இருப்பவர்கள் இந்த வழியை இந்தியர்களைவிட அக்கறையோடு பார்க்கக் காரணம் உண்டு.

ஒரே சோதனை, பல ஆய்வகங்கள்

அந்தப் பகிரங்கக் கடிதத்தை முன்னின்று எழுதியவர்களில் இருவர் ஜெனீவாவின் அலெக்சாண்டர் பூஷேவும் லிஸ்பனின் சக்கரி மெய்னனும். குறை சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. லண்டனின் மைக்கேல் ஹாய்சர் போன்றோரையும் சேர்த்துக்கொண்டு 2017ல் சர்வதேச மூளை ஆய்வகத்தைத் தொடங்கினார்கள். வெல்கம் அறக்கட்டளையும் சைமன்ஸ் அறக்கட்டளையும் பணம் கொடுத்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமாக 21 ஆய்வகங்கள் தொடக்கத்தில் இணைந்தன. எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று: ஒரு சுண்டெலி முடிவெடுக்கும்போது அதன் மூளை முழுவதும் என்ன நடக்கிறது?

சோதனையை அருகில் போய்ப் பார்ப்போம். தலை அசையாதபடி பொருத்தப்பட்ட சுண்டெலி. முன்னால் ஒரு திரை. இடப்பக்கமோ வலப்பக்கமோ வரிவரியான ஒரு வட்டம் தோன்றும். எலியின் முன்னங்கால்களுக்குக் கீழே ஒரு லெகோ சக்கரம். அதைத் திருப்பி வட்டத்தை நடுவுக்குக் கொண்டுவந்தால் ஒரு துளி நீர் கிடைக்கும். தவறினால் இரைச்சல், கொஞ்சம் காத்திருப்பு. போகப்போக வரிகள் மங்கும். சில முறை கண்ணுக்கே தெரியாது. அதற்குள் இன்னொரு நுட்பமும் இருக்கிறது: சில நேரம் வட்டம் இடப்பக்கம் வரும் வாய்ப்பு 80 விழுக்காடு, பிறகு அறிவிப்பில்லாமல் அது வலப்பக்கத்துக்கு மாறிவிடும். கண்ணுக்குத் தெரியாதபோது எலி பழைய அனுபவத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

இதே சோதனையை எல்லா ஆய்வகங்களும் ஒரே கருவி, ஒரே மென்பொருள், ஒரே பயிற்சி முறையோடு செய்தன. எலித் தீனியில் புரதமும் கொழுப்பும் எந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதுவரை எழுதிவைத்தார்கள். 2021ல் வந்த கட்டுரையில் ஏழு ஆய்வகங்களின் 140 எலிகள், 50 லட்சம் தேர்வுகள். எலிகள் கற்றுக்கொண்ட வேகம் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபட்டது. கற்று முடித்தபின் அவற்றின் நடத்தை எங்கும் ஒத்துப்போனது. 2025 செப்டம்பரில் நேச்சர் இதழில் மூளை முழுவதற்குமான வரைபடம் வந்தது: 12 ஆய்வகங்கள், 139 எலிகள், 279 மூளைப் பகுதிகள், 6,21,733 நியூரான்கள். முடிவெடுக்கும் சமிக்ஞைகள் ஓரிரு பகுதிகளில் ஒடுங்கியிருக்கவில்லை, மூளை நெடுகிலும் பரவியிருந்தன என்று அது காட்டியது. தனி ஆய்வகம் ஒன்று, தனக்குப் பிடித்த ஒரு பகுதியில் மட்டும் மின்முனையை இறக்கிக்கொண்டிருந்தால், இதை ஒருபோதும் பார்த்திருக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்த கூட்டாய்வு வடிவம் இதுதான். அறிவியலுக்கு இது செய்திருக்கும் நன்மை பெரியது.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாமா? தொடங்கிய ஆண்டையும் முடிவு வந்த ஆண்டையும் பாருங்கள்: எட்டு ஆண்டுகள். முதன்மைக் கட்டுரைகளில் ஆசிரியர் பெயராகக் குழுவின் பெயரும் நீண்ட பட்டியலும் இருக்கும். நிரந்தர வேலை கிடைத்து மூத்த நிலையில் இருப்பவருக்கு இது சுமையில்லை. ஐந்தாண்டில் மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டிய உதவிப் பேராசிரியரும், நான்காண்டில் ஆய்வேடு கொடுக்க வேண்டிய மாணவரும் யோசித்தே ஆக வேண்டும். மாணவருக்குத் தனியாக ஒரு துணைக் கேள்வி இருக்கிறது, அதற்கு அவரே முதல் ஆசிரியர் என்று எழுத்தில் இருந்தால் மட்டும் சேரச் சொல்வேன்.

மருத்துவமனையோடு இணைந்த நம்மூர் ஆய்வகங்களுக்கு இதே குடும்பத்தில் இன்னும் எளிதான வழி ஒன்று உண்டு. எனிக்மா என்னும் கூட்டமைப்பு 2009ல் தொடங்கியது. தென் கலிஃபோர்னியா பல்கலையின் பால் தாம்சன் அதை நடத்துகிறார். 40க்கு மேற்பட்ட நாடுகளின் ஆய்வகங்கள் அதில் இருக்கின்றன. மனச்சிதைவு, மனச்சோர்வு, வலிப்பு என்று நோய்வாரியாகக் குழுக்கள் உண்டு. உங்களிடம் இருக்கும் எம்ஆர்ஐ படங்களை, அவர்கள் தரும் நெறிமுறைப்படி, உங்கள் கணினியிலேயே அலசி, தொகுப்பு எண்களை மட்டும் அனுப்பும் ஏற்பாடு அதன் அடிப்படை வழக்கம். நோயாளியின் படம் உங்கள் வாசலைத் தாண்டாது. புதிய பணம் பெரிதாகத் தேவையில்லை, மாணவர் படங்களை அலசும் தொழிலை முறையாகக் கற்றுக்கொள்கிறார், ஒப்பிட ஆயிரக்கணக்கான மூளைகளும் கிடைக்கின்றன. கட்டுரையில் நூறு பெயர்களுக்கு நடுவே உங்கள் பெயர் இருக்கும் என்பதைத் தவிர இதில் இழப்பதற்கு அதிகமில்லை.

மூன்று நான்கு பேர், ஒரு துணிச்சலான கேள்வி

1987ல் வெனிஸ் நகரில் நடந்த பொருளாதார உச்சி மாநாட்டில் ஜப்பானியப் பிரதமர் நாகசோனே முன்மொழிந்து, 1989ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானது, ஆய்வுக்கு நிதி தரும் ஹியூமன் ஃப்ரான்டியர் சயன்ஸ் புரோகிராம். இந்தியா 2006ல் இதில் உறுப்பு நாடானது. அதனால் இந்தியாவிலிருக்கும் ஆய்வகமே குழுவின் தலைமை விண்ணப்பதாரராக இருக்கலாம். இதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு முதல் நான்கு பேர், வெவ்வேறு நாடுகள், முடிந்தால் வெவ்வேறு கண்டங்கள்; மூன்றாண்டு நல்கை. நான்கு பேர் குழுவுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் வரை கிடைக்கும்.

இதன் தனித்தன்மை பணத்தில் இல்லை. முன்தரவு, அதாவது ஏற்கெனவே எடுத்த சோதனை முடிவுகள், கேட்பதில்லை. இதுவரை சேர்ந்து வேலை செய்யாதவர்கள் புதிதாகச் சேர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நரம்பியலாளரும் இயற்பியலாளரும் ரோபோ கட்டுபவரும் ஒரே கேள்விக்காக உட்காருவதற்கு இதைவிடப் பொருத்தமான மேடை எனக்குத் தெரியாது. போட்டி கடுமை, முதல் கட்டக் கடிதம் அனுப்புவோரில் நூற்றுக்கு ஒரு சிலரே இறுதியில் தேறுகிறார்கள். ஆனாலும் முதல் கட்டம் சில பக்கங்களில் முடிந்துவிடுவதால் முயன்று பார்ப்பதில் பெரிய நட்டமில்லை. ஒரு வரம்பைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: உயிரின் அடிப்படை இயக்கம் பற்றிய கேள்விகளுக்குத்தான் இந்தப் பணம். "புற்றுநோய்க்கு நானோ மருந்து தயாரிக்கிறோம்" என்று எழுதினால் வாசலிலேயே திரும்பிவிடும்.

சிறு குழு எப்போது வெல்கிறது என்பதற்கு இரண்டு சான்றுகள். 2008 ஜனவரியில், அமெரிக்காவின் டியூக் பல்கலையில் மிகேல் நிக்கோலெலிஸின் ஆய்வகத்தில், ஐடோயா என்ற குரங்கு நடைப்பொறியில் நடந்தது. அதன் மூளைச் சமிக்ஞைகள் இணையம் வழியே ஜப்பானின் கியோட்டோவுக்குப் போயின. அங்கே கார்டன் செங், மிட்சுவோ கவாட்டோ ஆகியோரின் மனிதவடிவ ரோபோ அதே நடையை நடந்தது. நடைப்பொறியை நிறுத்தியபின்னும், குரங்கு திரையில் ரோபோவின் கால்களைப் பார்த்தபடி, தன் கால்களை அசைக்காமலே, சில நிமிடங்கள் அதை நடக்கவைத்தது. இன்னொன்று 2023 மே மாதத்தது. முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க முடியாதிருந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர், மூளையையும் முதுகுத்தண்டையும் மின்னணுப் பாலத்தால் இணைத்தபின் எழுந்து நடந்தார். மூளைமேல் வைக்கும் பதிவுக் கருவி பிரான்சின் கிரெனோபிளில் உருவானது. தண்டுவடத்தைத் தூண்டும் அறிவு லோசானில் கிரெகுவார் கூர்ட்டின், ஜோஸ்லின் ப்ளோக் குழுவிடம் இருந்தது. இரண்டிலும், ஒருவரிடம் இருந்தது மற்றவரிடம் இல்லை. அந்த இல்லாமையை ஈடுகட்டத் தனியாக யாரும் ஐந்தாண்டு செலவழிக்கத் தேவைப்படவில்லை. உங்களுக்கு வந்திருக்கும் அழைப்பில் அப்படி ஒரு பொருத்தம் இருக்கிறதா? இரண்டு ஆய்வகமும் ஒரே நுண்ணோக்கியில் ஒரே வகைச் செல்லைப் பார்ப்பவை என்றால், கூட்டுக்குப் பெரிதாக வேலையில்லை.

நானோ மருந்துக்கு வேறு கணக்கு

நானோ மருத்துவத்தில் கூட்டாளியைத் தேடுபவர்கள் பெரும்பாலும் மருந்தைச் சுமக்கும் நுண்துகளைச் செய்யும் இன்னொருவரைத் தேடுகிறார்கள். அதில்தான் இடறல். துகள் செய்ய நமக்கே தெரியும். நம்மூர் கல்லூரி ஆய்வகங்களில் வெள்ளி, தங்கம், கைட்டோசான் என்று செய்யாத துகள் இல்லை. இல்லாதவை இரண்டு: அதை நேர்மையாக அளந்து சொல்பவர், அதைப் பெரிய அளவில் ஒரே தரத்தில் தயாரிப்பவர்.

அமெரிக்க ஒப்புதல் பெற்ற முதல் நானோ மருந்து டாக்சில், ஆண்டு 1995. இதயத்தைப் பாதிக்கும் புற்றுநோய் மருந்தான டாக்சோரூபிசினை 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழுக்குள் அடைத்து, நோயெதிர்ப்புச் செல்களின் கண்ணில் படாதபடி மேலே பெக் பாலிமர் போர்த்திய மருந்து. ஜெருசலேமில் எகெஸ்கேல் பாரன்ஹோல்ஸ், ஆல்பர்ட்டோ கபிசோன் ஆகியோரின் அறிவும், கலிஃபோர்னியாவின் லிபோசோம் டெக்னாலஜி நிறுவனத்தின் தயாரிப்புத் திறனும் சேர்ந்ததால் அது மருந்தானது. பின்னொரு நாள் அந்தத் தயாரிப்புத் திறன் எவ்வளவு முக்கியம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. 2011ல் டாக்சிலைத் தயாரித்துக் கொடுத்த ஒஹாயோ ஆலை சிக்கலில் மாட்டியது. அமெரிக்கப் புற்றுநோயாளிகளுக்கு மருந்து கிடைக்காமல் போனது. 2012 பிப்ரவரியில் இந்தியாவின் சன் ஃபார்மா தயாரித்த, அதே வகை மருந்தான லிபோடாக்ஸை இறக்குமதி செய்ய அமெரிக்க மருந்து நிர்வாகம் தற்காலிக அனுமதி தந்தது. அடுத்த ஆண்டு சன் ஃபார்மாவின் பொதுப்பெயர் மருந்துக்கு முழு ஒப்புதலும் கிடைத்தது. குமிழுக்குள் மருந்தை அடைக்கத் தெரிந்த கைகள் இந்தியாவில் இருந்தன. கோவிட் தடுப்பூசியிலும் இதே கதைதான்: மைன்ஸ் நகரின் பயோஎன்டெக், அமெரிக்காவின் ஃபைசர், எம்ஆர்என்ஏவைப் பொதியும் கொழுப்புத் துகளைத் தந்த வான்கூவரின் அகுயிட்டாஸ்.

அளப்பவர் ஏன் வேண்டும் என்பதையும் சொல்கிறேன். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், ஃப்ரெடெரிக் நகரில், 2004ல் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஒரு நானோ பரிசோதனை ஆய்வகத்தைத் தொடங்கியது. தேர்வான துகள்களைக் கட்டணமின்றிச் சோதிப்பது அதன் வழக்கம். வந்து சேர்ந்த மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்டோடாக்சின் கலந்திருந்தது என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். எண்டோடாக்சின் என்பது பாக்டீரியாவின் உறைச் சிதைவு. நீரில், கண்ணாடிக் குடுவையில், வாங்கிய வேதிப்பொருளில் எங்கும் ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அந்தத் துகளை எலிக்குள் செலுத்தினால் அழற்சி வரும். மாணவர் அதைத் துகளின் விளைவு என்று எழுதிவிடுவார். இன்னும் மோசம், வழக்கமான எண்டோடாக்சின் சோதனையையே சில நானோ துகள்கள் குழப்பிவிடும். மூன்றாண்டு ஆய்வேடு ஒரு குடுவையின் அழுக்கின்மேல் நிற்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது. ஐரோப்பாவும் 2015ல் இதே மாதிரி ஓர் ஆய்வகக் கூட்டை உருவாக்கியது.

அதனால் நானோ மருத்துவக்காரர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தோ-ஜெர்மன் அறிவியல் தொழில்நுட்ப மையத்தின் இரண்டுக்கு இரண்டு திட்டத்தை. இரு நாட்டிலிருந்தும் ஓர் ஆய்வு நிறுவனமும் ஒரு தொழில் நிறுவனமும் சேர்ந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். அந்தக் கட்டாயம் எரிச்சலூட்டும். நிறுவனத்தைத் தேடி அலைய வேண்டும். ஆனால் "இதை லிட்டர் கணக்கில் செய்தால் துகளின் அளவு மாறாதா?" என்ற கேள்வியை முதல் நாளே கேட்க அங்கே ஒருவர் இருப்பார். அடிப்படை ஆய்வு மட்டும்தான் என்றால் 1987 முதல் நடக்கும் இந்தோ-பிரெஞ்சு மையமான செஃபிப்ரா நல்ல இடம்.

ரோபோவை வாங்கவா, கட்டவா

ரோபாட்டிக்ஸில் நடுப்பொருள் கண்ணெதிரே நிற்கும் என்பதால் முடிவும் எளிது. இத்தாலியின் ஜெனோவா நகரை மையமாகக் கொண்டு, 2004ல் ஐரோப்பிய நிதியில் தொடங்கிய ரோபோகப் திட்டத்தில் பிறந்தது ஐகப் என்னும் குழந்தை வடிவ ரோபோ. உயரம் 104 செ.மீ.; மூன்றரை வயதுக் குழந்தையின் அளவு. 53 மூட்டியக்கங்கள். தவழவும் பொருளைப் பற்றவும் கற்றுக்கொள்ளும் உடல் இல்லாமல் அறிவு வளர்வதை ஆராய முடியாது என்பதே அதன் பின்னாலிருந்த நரம்பியல் கேள்வி. வரைபடங்கள், மென்பொருள் எல்லாவற்றையும் திறந்த உரிமத்தில் வெளியிட்டார்கள். திட்டம் ஓடும்போதே போட்டி வைத்துச் சில ஆய்வகங்களுக்கு ரோபோக்களைக் கொடுத்தார்கள். இன்று உலகில் 40க்கு மேற்பட்ட ஐகப்கள் இருக்கின்றன. ஜெனோவாவில் எழுதிய நிரல் லண்டனிலும் ஓடும்.

ஒரு ரோபோவின் விலை சுமார் இரண்டரை லட்சம் யூரோ. நம் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றால் அது முடியாது. அப்படியிருந்தும் இதை நான் பரிந்துரைக்கக் காரணம், உருவகப்படுத்தும் மென்பொருள் இலவசம் என்பதுதான். மாணவர் ஆறு மாதம் அதில் நிரல் எழுதிப் பழகி, பிறகு நிஜ ரோபோ இருக்கும் இடத்துக்கு மூன்று மாதம் போய்வரலாம். பயணச் செலவும் தங்கும் செலவும் மட்டும் தேவைப்படும் இந்தக் கூட்டில், கையில் தொழிலோடு திரும்புகிறார்.

மூளைக்குள் நியூரான்களின் சமிக்ஞையைப் பதியும் நியூரோபிக்சல்ஸ் மின்முனையும் இதே வகையில் பார்க்கத்தக்கது. பெல்ஜியத்தின் ஐமெக் நிறுவனம், அமெரிக்க-பிரிட்டிஷ் ஆய்வு நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கி 2017ல் அறிமுகமானது. ஒரு சென்டிமீட்டர் நீளத் தண்டில் 960 பதிவுப் புள்ளிகள், ஒரே நேரத்தில் 384 தடங்கள். மேலே சொன்ன எலி மூளை வரைபடம் இது இல்லாமல் நடந்திருக்காது. ஒரு கருவி பல ஆய்வகங்களைத் தானாகவே கூட்டாளிகளாக்கிவிடுகிறது.

பொருள் நம்மிடம் இருக்கும்போது

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலும் நாம் போய்ச் சேர்கிறவர்கள். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் வேறு பாதையைக் காட்டியிருக்கிறது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளையை, இரண்டாம் மும்மாதக் கட்டத்தில், மிக மெல்லிய துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் செல் அளவுக்குத் துல்லியமாகப் படமெடுத்து, 5,132 துண்டுகளை 2024 டிசம்பரில் "தரணி" என்ற பெயரில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். மெடிஸ்கேன், சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று சென்னையின் மருத்துவ நிறுவனங்கள் இதில் இருந்தன. இந்தியாவோடு ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ருமேனியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் வல்லுநர்களும் இருந்தார்கள். திசு சென்னையில், வெட்டும் கருவிகள் சென்னையில், படமெடுக்கும் மாணவர்களும் பொறியாளர்களும் சென்னையில். உடற்கூறு பெயரிடும் அறிவு உலகின் பல மூலைகளிலிருந்து வந்தது. வெளிநாட்டார் நம்மைத் தேடி வரும் கூட்டு இப்படி அமைவதைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. கூடவே, இது எல்லா ஆய்வகத்துக்கும் எட்டாது என்பதும் தெரியும். நன்கொடையாளரும் மருத்துவமனைகளும் நீண்டகால ஊழியர்களும் சேர வேண்டும்.

ஆனால் சிறிய அளவில் இதை எவரும் செய்யலாம். உங்கள் ஊர் மருத்துவமனையில் மட்டும் அதிகம் வரும் ஒரு நரம்பு நோய், உங்கள் கடற்கரையில் மட்டும் கிடைக்கும் ஓர் உயிரினம், தமிழ் பேசும் குழந்தைகளின் மொழி வளர்ச்சி என்று வேறெங்கும் எளிதில் கிடைக்காதது எதுவோ அதை நடுவில் வையுங்கள்.

கையெழுத்துக்கு முன்

மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லும் கூட்டிலும், சோதனையை உங்கள் ஊரில் நடத்தச் சொல்லும் கூட்டிலும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். சில ஆய்வுகள் தம் நாட்டு விதிகள் கடுமையாக இருப்பதால் வேறு நாட்டுக்குப் போகின்றன. 2016ல் வெளிவந்த, முதுகுத்தண்டு அடிபட்ட குரங்குகளை மீண்டும் நடக்கவைத்த சோதனைகள் லோசான் குழுவுடையவை. ஆனால் நடந்தது பெய்ஜிங்கில். அதன் அறிவியல் மதிப்பை நான் குறைக்கவில்லை. உங்களை ஏன் அழைக்கிறார்கள் என்ற கேள்வியைக் கேட்டுவிட வேண்டும் என்கிறேன். "உங்களிடம் இந்தத் திறமை இருக்கிறது" என்பது ஒரு பதில். "உங்கள் ஊரில் இதற்கு அனுமதி எளிது" என்பது இன்னொரு பதில். இரண்டாவது காதில் விழுந்தால் நான் விலகிவிடுவேன். பணக்கார நாட்டு ஆய்வாளர்கள் ஏழை நாடுகளில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 2018ல் வந்த உலகளாவிய நடத்தைக் கோவையை ஐரோப்பிய ஆணையமே ஏற்றிருக்கிறது. அதைக் கூட்டாளியிடம் எடுத்துக் காட்டத் தயங்க வேண்டாம்.

எனவே என் தேர்வு இது. மருத்துவமனைத் தரவு கையில் உள்ள நரம்பியலாளர் எனிக்மா வகையில் தொடங்கட்டும். துணிச்சலான அடிப்படைக் கேள்வியும் அதற்குப் பொருத்தமான ஒரு கூட்டாளியும் இருந்தால் ஸ்ட்ராஸ்பூர்கின் ஹியூமன் ஃப்ரான்டியர் திட்டத்துக்கு எழுதட்டும். நானோ மருத்துவர் அளப்பவரையும் தயாரிப்பவரையும் தேடிப் போகட்டும். ரோபோ கட்டுபவர் திறந்த தளம் ஒன்றில் மாணவரை இறக்கிவிடட்டும். பெருந்திட்டத்தை வெளியிலிருந்து பயன்படுத்துங்கள். முதல் ஐந்தாண்டில் உள்ளே போக வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள். திட்டம் முடிந்தபின் மிச்சமிருக்கும் மாதிரி திரும்பி வருமா, அழிக்கப்படுமா, அங்கேயே தங்குமா? உங்கள் தரவிலிருந்து புதிய கேள்விக்கு விடை தேட மறுபடியும் உங்கள் சம்மதம் வேண்டுமா? யாராவது விலகினால் மாணவரின் பங்கு யாருடையது? இந்தியாவில் வெளிநாட்டுப் பணமோ கூட்டாளியோ உள்ள மருத்துவ ஆய்வுக்கு, நிறுவன நெறிக்குழுவின் ஒப்புதலோடு சுகாதார அமைச்சகத் தேர்வுக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். நோயாளியின் எண்மத் தரவுக்கு 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். பலர் நல்கை கிடைத்தபின் இந்தத் தாள்களைத் தொடுகிறார்கள். ஒப்புதல் வருவதற்குள் முதலாண்டுப் பணம் செலவாகாமல் திரும்பிப்போகும், மாணவர் காத்திருப்பார். கூட்டாளி சம்மதம் சொன்ன வாரத்திலேயே நெறிக்குழு விண்ணப்பத்தை எழுதத் தொடங்கிவிடுங்கள்.